நூற்றைம்பது கிராம் சோறு

எடைமேடைக்காரரை ஏமாற்றிய லாரி சேலம் நாமக்கல் சாலையில் இதுவரை ஓடியதில்லை. ஓடியிருந்தால் சொல்லுங்கள், நானே போய் அதற்கு மாலை போடுகிறேன். புதுச்சத்திரம் பக்கம் லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் மேடை ஒன்றை நடத்தி வந்தார். சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. வேலை மாற்றலாகிப் போய் அவர் வீட்டு மாடியில் குடியிருந்த எனக்கே சரியாகத் தெரியாது. கோயில் பிரசாதத்தைக்கூட உள்ளங்கையில் குலுக்கிப் பார்த்து, "நாப்பது கிராம் இருக்குமுங்க" என்ற பிறகுதான் வாயில் போடுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. மேடையின் பெரிய சிவப்பு எண்களே மங்கிவிட்டன. ஆபரேஷன் செய்யலாம் என்றால் உடம்பில் சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. "அது இறங்கினால்தான் கண்ணில் கை வைப்பேன். வேளைக்கு நூற்றைம்பது கிராம் சோறு, மேலே ஒரு பருக்கை கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மனிதர் இடிந்து போனார். "எட்டா மூணான்னு தெரியாம சீட்டு எழுதிக் குடுக்கறதுக்கு மேடையப் பூட்டிப் போட்டுறலாமுங்க சார்" என்றார். எனக்கே சங்கடமாகிவிட்டது.

மறுநாள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவுக்குச் சமையலறைத் தராசு வாங்கப் போனோம். எண் படிக்க நான் துணை. அரை மணி நேர வேலை என்று நம்பிப் போன என்னை எதால் அடிப்பது! முத்திரை போட்ட இருநூறு கிராம் எடைக்கல்லைக் கையோடு கொண்டு வந்திருந்தார். கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொரு தராசிலும் கல்லை நடுவில் வைத்தார். பிறகு நாலு மூலையிலும் வைத்தார்.

"ஐயா, சோறு வெக்கத்தானே கேட்டீங்க?" என்றார் கடைக்காரர்.

"லாரி நடுவுல நின்னாலும் மூலைல நின்னாலும் ஒரே எடை காட்டோணுமுங்க. சோத்துக்கு மட்டும் தனிச் சட்டமா?"

அடுத்து, பையிலிருந்து தன் எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்தார். பாதித் தராசுகளின் எண்கள் தட்டுக்கு அடியில் மறைந்து போயின. "ஏனுங்க, நான் படுத்துக்கிட்டுப் பாக்கறதுங்களா?" என்று அவற்றைத் தள்ளினார். ஒன்பதாவது தராசு தேறியது. எண் முன்னால் நீட்டிக்கொண்டு, பெரிதாக இருந்தது. கடைக்காரர் உற்சாகமாகி, "இந்தப் பட்டனை அமுக்கினா தட்டோட எடை போயிடும், சோறு மட்டும் காட்டும்" என்றார். அவ்வளவுதான், இவர் முகம் மாறிவிட்டது.

"வண்டி எடைய மறைக்கறதுக்குப் பட்டனா? எங்க தொழில்ல அதுக்குப் பேரே வேறங்க!"

பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டித்தான் வாங்கினார்.

முதல் நாள் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். அக்கா, அதாவது அவர் மனைவி, சோறு போட்டார். எண்ணில் மூக்கு முட்டக் குனிந்து, தட்டோடு எடை பார்த்துச் சீட்டில் எழுதினார் இவர். நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவித் துடைத்து மறுபடி தராசில் வைத்தார். கழித்துப் பார்த்தால் நானூற்றுப் பத்து கிராம்!

"ஓவர்லோடு சார்" என்றார் வருத்தமாக.

"சாப்பிட்ட பிறகு கண்டுபிடித்து என்னங்க பிரயோசனம்?" என்றேன்.

"லோடு இறக்குனாத்தானுங்களே வெறும் வண்டி எடை தெரியும்?"

மூன்று நாள் இதே கூத்து. நாலாம் நாள் அக்கா பொறுக்க மாட்டாமல், "ஏனுங்க, வெறும் வண்டிய மொதல்ல ஏத்துனா உங்க மேடை கோவிச்சுக்குமா?" என்று கேட்டார். இவர் சீட்டைக் கீழே வைத்தார். "அப்படியும் வண்டி வரத்தான் செய்யுது" என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு மனிதர் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. நூற்றைம்பத்தொன்று காட்டினால் பருக்கைகளைப் பொறுக்கி எடுப்பார். மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கியது, டாக்டர் ஆபரேஷன் செய்தார். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மத்தியானம் நானும் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அக்கா தராசை எடுத்து வைத்தார். இவர் தராசைப் பார்க்கவே இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட?"

"ஒண்ணுமில்லீங்க."

"சொல்லு."

அக்கா தலை குனிந்தபடியே சொன்னார். "உங்க தட்டுல ஒரு கை சோத்த வெச்சுப்போட்டு, நான் மட்டும் ரொப்பிக்கிட்டுத் திங்கறதுக்கு மனசு வருமுங்களா? எனக்கும் நூத்தம்பதுதான்."

மூன்று மாதமாகத் தினமும் மூவருமாகப் பேசிச் சிரித்த வீடு அது. அக்கா இளைத்தது கண் தெரிந்த எனக்கும் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது. அவர் எழுந்து போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தார். அக்காவைப் பிடித்து உட்கார வைத்து, சட்டியிலிருந்து கரண்டி கரண்டியாகச் சோறு போட்டார். "போதுங்க, போதுங்க" என்று அக்கா கையைக் குறுக்கே வைத்தார்.

நான் கிண்டலை விட முடியாமல், "எத்தனை கிராம் இருக்குமுங்க?" என்றேன்.

"யாருக்குங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி போட்டார்.