விட்டுக்கொடுக்காத ரீல்

ஒரு காட்டில், அதுவும் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே வந்து எல்லார் வீட்டுத் தரையையும் நனைத்துவிட்டுப் போகிற அலையாத்திக் காட்டில், சிங்கம் கிடையாது. சேறு ஒத்துக்கொள்ளாது என்று அது அந்தப் பக்கமே வரவில்லை. ராஜா இல்லாத காட்டை யார் ஆள்வது என்று யாரும் கவலைப்படவும் இல்லை. அங்கே ஓர் அலுவலகம் இருந்தது.

அந்த அலுவலகம் ஒரு தை மாதத்தில் உத்தரவு போட்டது. இனிமேல் முகத்துவாரத்தில் யாரும் தண்ணீரில் குதித்து வாயால் மீனைக் கவ்வக் கூடாது, அது காட்டுமிராண்டித்தனம். நாகரிகமாகக் கரையில் நின்று, தூண்டில் கம்பில் ரீல் மாட்டித்தான் பிடிக்க வேண்டும். குளத்து ரீல் எல்லாம் செல்லாது. கடலுக்கென்றே இருக்கிற மல்டிப்ளையர் ரீல்தான் வேண்டும்; கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நூல் உருளை நாலைந்து சுற்றுச் சுற்றி நூலை வாரிக்கொள்ளுமே, அது. அதற்கு அலுவலகத்தின் தர முத்திரை குத்திய படிவமும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத ரீலில் எதைப் பிடித்தாலும், பிடித்தவரைக் காட்டைவிட்டே விரட்டிவிடுவார்கள். புள்ளிமான்கள் இந்த உத்தரவை ஒருமனதாக வரவேற்றன. மான்கள் மீன் தின்பதில்லை.

பூவாயி வரவேற்கவில்லை. அவள் நீர்நாய். புருஷன் அடுத்த கழிமுகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் போனவன்தான். வளையில் நாலு குட்டிகள் இருந்தன, நாலுக்கும் எந்நேரமும் பசி. முகத்துவாரத்து மீனை விட்டால் அவர்களுக்கு வேறு சாப்பாடு இல்லை.

நல்லவேளையாக அவளிடம் ஒரு ரீல் இருந்தது. ஏதோ படகிலிருந்து தவறி விழுந்து, வேர்களுக்கு நடுவே சேற்றில் கிடந்ததைக் குட்டிகள் விளையாட இழுத்து வந்திருந்தன. மேல்பூச்சு உரிந்து, பார்க்கப் பரிதாபமாக இருந்தது. ஆனால் பூவாயி பார்வையை நம்புகிறவள் இல்லை. ரீலைப் பிரித்து மழைத்தண்ணீரில் மூன்று நாள் அலசினாள். பித்தளைப் பல்சக்கரங்களில் மீன் கொழுப்பைத் தடவிப் பூட்டினாள். சட்டத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு கைப்பிடியை மெதுவாகச் சுற்றினாள். உள்ளே ஒரு மணல் துகள் நெருடினாலும் பல்லில் தெரிந்துவிடும். நெருடவில்லை. கைப்பிடி தொளதொளவென்று ஆடவில்லை. கடைசியாக நூலை இழுத்துப் பார்த்தாள். அது முரண்டு பிடிக்கவும் இல்லை, சட்டென்று மொத்தமாக அவிழ்ந்து விழவும் இல்லை. இழுத்த அளவுக்கு, சீராக, நிதானமாக நூலைக் கொடுத்தது. பெரிய மீன் முதலில் ஓடும்போது விட வேண்டும், களைத்து நிற்கும்போது வாங்க வேண்டும். பிறந்ததிலிருந்து மீனோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தர ஆய்வு அலுவலகம் கடல் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மேட்டில் இருந்தது. வாசலில் நீண்ட வரிசை. மரக்கட்டைமேல் உட்கார்ந்து சின்னாண்டி என்கிற அண்டங்காக்கை எல்லாருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பூவாயியின் பெயர், இனம், வால் நீளம் எல்லாம் எழுதியபின் கடைசிக் கேள்விக்கு வந்தான்.

"மீன் இழுத்தா நூலை விட்டுக்குடுக்குமான்னு கேட்டிருக்கு. ஆமாவா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுக்கா."

"வேணுங்கிற அளவுக்கு விடும்."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

யோசித்துவிட்டு 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தான். பூவாயியின் தலையெழுத்து அந்த டிக்கிலேயே முடிவாகிவிட்டது.

ஏனென்றால் தலைமைத் தர ஆய்வாளர் ஓர் உடும்பு. பெயர் மாசிலாமணி. மார்பில் குறுக்கே ஒரு பதவிப் பட்டை, அதில் கயிறு கட்டித் தொங்கும் முத்திரை, மைப்பெட்டி. அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் ஏதோ ஒரு கோட்டைச் சுவரைப் பிடித்தாராம். போர் முடிந்து, கோட்டையே இடிந்து விழுந்த பிறகும் கையில் பிடித்த செங்கல்லை விடவில்லையாம். இந்த ஒரு தகுதியை வைத்துத்தான் மாசிலாமணிக்கு வேலை கிடைத்தது. கடலை அவர் பார்த்ததில்லை. உப்புக்காற்று தோலுக்கு ஆகாது என்பார்.

முதலில் ரீலில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. கையில் தூக்கிப் பார்த்து, கனம் போதாது என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு நூலைக் கவ்வி இழுத்தார். நூல் பதவிசாக வந்தது. யாரோ தன்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்ட மாதிரி அவர் முகம் போயிற்று.

"ஏம்மா, என்ன இது, இழுத்ததும் குடுக்குது?"

"மீன் ஓடுறப்ப கொஞ்சம் குடுக்கணும் ஐயா. இல்லேன்னா நூல் அறுந்துடும். அறுந்துபோகலேன்னா பிடிச்சிருக்கிறவங்க தண்ணிக்குள்ள போயிடுவாங்க."

"பிடின்னா பிடிக்கணும்மா. எங்க வம்சத்துல விட்டுக்குடுத்தவன் ஒருத்தனும் கிடையாது."

'தகுதியற்றது' என்று எழுதிக் கையில் கொடுத்தார். அடுத்து நின்றது ஒரு காட்டுப்பன்றி. அதற்கு மீன்பிடிக்கும் எண்ணமே இல்லை, வரிசையைப் பார்த்ததும் வந்து நின்றுவிட்டது. அதன் ரீல் வெளியே பளபளவென்று மின்னியது. உள்ளே துருப்பிடித்து ஒரே கட்டியாக இறுகிப் போயிருந்தது. மாசிலாமணி கால்களை ஊன்றி, வாலைச் சுருட்டி, தன் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தார். நூல் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் தரம் என்று முத்திரை குத்தி, செயல்விளக்க விழாவில் இந்த ரீலைத் தாமே பயன்படுத்தப் போவதாக அறிவித்தார்.

விழா நாளன்று முகத்துவாரத்தில் நல்ல கூட்டம். மான்கள் முன்வரிசையில் இருந்தன. ரீல் சுற்றாததால், அறுந்துபோகாத தடித்த நூலை நீளமாக ரீலிலேயே முடிந்து, மாசிலாமணி தூண்டிலை வீசினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய கொடுவா மீன் இரையைக் கவ்விக்கொண்டு கடலைப் பார்த்து ஓடியது. ரீல் நூலை விடவில்லை. மாசிலாமணி கம்பை விடவில்லை. ஆகவே கொடுவா போன இடத்துக்கு அவரும் போனார். விட்டிருந்தால் நீந்தியே கரைக்கு வந்திருக்கலாம், உடும்புக்கு நீச்சல் தெரியும். ஆனால் செங்கல் பிடித்த பாட்டனாரை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கூட்டம் இதுவும் செயல்விளக்கத்தில் ஒரு பகுதி என்று கைதட்டியது.

பூவாயி தன் ரீலை மாட்டிய கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சின்னாண்டி பறந்து வந்து அவள் காதில், முதலில் முத்திரையைக் கேள், கரையேற்றுவது அப்புறம் என்றான். அவள், மூச்சு முட்டுகிறவரிடம் பேரம் பேசுவது பாவம் என்று சொல்லி அவனைத் தள்ளிவிட்டாள். எறிந்த முள் பதவிப் பட்டையில் மாட்டியது. கொடுவா ஓடியபோது நூல் விட்டாள், நின்றபோது வாங்கினாள். பதினொரு முறை விட்டு வாங்கி, ஆய்வாளரை ஆழமில்லாத இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். கொடுவா சலித்துப்போய் முள்ளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

மாசிலாமணி ஒரு குடம் உப்புத்தண்ணீரை வாயால் கொட்டினார். பிறகு பூவாயியின் படிவத்தைக் கேட்டு வாங்கினார். இப்போதாவது முத்திரை போடுவார் என்று அவள் கைகட்டி நின்றாள். அவர் எழுதினார்: "இந்த ரீல் பதினொரு முறை நூலை விட்டது. மறுமுனையில் இருந்து நானே நேரில் உணர்ந்தேன். தகுதியின்மை உறுதி செய்யப்படுகிறது." அலுவலகம் ஒரு விசாரணையும் நடத்தியது. முதல் தர ரீலில் எந்தக் குறையும் இல்லை, கடல்தான் உரிய தரத்தில் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த பௌர்ணமியன்று பகலில், அதே ரீலோடு, விழா மறுபடியும் நடக்கும் என்றார்கள்.

அந்த ஒரு மாதம் குட்டிகள் நத்தையைத் தின்றன. நத்தையும் தீர்ந்தது. ஒருநாள் கடைக்குட்டி, பல்சக்கரத்தில் தடவிய மீன் கொழுப்பு வாசனைக்காக ரீலை நக்கிக்கொண்டிருந்ததைப் பூவாயி பார்த்தாள். முதலில் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்தபின் கோபம் வந்தது. கோபம் நன்றாக இருந்தது, அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் விழாவிலும் எல்லாம் பிசகில்லாமல் நடந்தது. மான்கள் வந்தன, மாசிலாமணி வீசினார், கொடுவா கவ்வியது, ரீல் விடவில்லை, அவரும் விடவில்லை, கூட்டம் கைதட்டியது. அதே கொடுவாதான் என்றும், இந்த முறை அது வேண்டுமென்றே வந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பூவாயி அவசரப்படாமல் நடந்து வந்தாள். முள்ளை எறிந்து பட்டையில் மாட்டினாள். அப்புறம் கைப்பிடியைச் சுற்றவில்லை. மீன் இழுத்தால் கொஞ்சம் விட்டாள். தளர்ந்தால் அதே கொஞ்சத்தைத் திரும்ப வாங்கினாள். மாசிலாமணி முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி ஓர் இடத்தில் நின்றார். ஒரு ரீலின் தரத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

"ஏம்மா, இழு," என்றார் தண்ணீரிலிருந்து.

"தகுதியில்லாத ரீல் ஐயா," என்றாள் பூவாயி பணிவாக. "முத்திரை இல்லாம இதுல எதைப் பிடிச்சாலும் என்னைக் காட்டைவிட்டு வெரட்டிடுவீங்க. நாலு புள்ளைங்களை வெச்சிருக்கேன்."

சட்டப்படி அவள் சொன்னது சரி. மாசிலாமணியால் அதை மறுக்க முடியவில்லை, உத்தரவின் வாசகமே அவர் எழுதியதுதான். சின்னாண்டி பூவாயியின் படிவத்தோடு பறந்துபோய் அவர் தலைமேல் உட்கார்ந்தான். 'ஆம்', 'இல்லை' இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, 'வேண்டிய அளவுக்கு' என்று எழுதி, அவர் மூக்குக்கு நேராக நீட்டினான்.

இப்போது ஒரு சிக்கல். முத்திரை குத்தக் கை வேண்டும். கை இரண்டும் கம்பைப் பிடித்திருந்தன. மாசிலாமணி கம்பைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், ஒரு மடக்கு உப்புத்தண்ணீர் குடித்தார். செங்கல்லோடு செத்துப்போன பாட்டனார் அவர் மனசில் வந்து முறைத்திருக்க வேண்டும். இன்னொரு மடக்கு உள்ளே போயிற்று. அந்த வம்சத்தில் முதல்முறையாக ஓர் உடும்பு பிடியை விட்டது.

முதல் தர ரீலைக் கொடுவா கொண்டுபோயிற்று. மாசிலாமணி மைப்பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, பூவாயியின் படிவத்தில் முத்திரை குத்தினார். சின்னாண்டி கரைக்கு வந்து, காகிதத்தை வெயிலில் விரித்து, இரண்டு முறை ஊதி, காய்ந்துவிட்டது என்று தலையாட்டினான். அதற்கப்புறம்தான் பூவாயி கைப்பிடியைச் சுற்றினாள். இழுக்கிற மீன் எதுவும் இல்லாததால் ஆய்வாளர் சுலபமாக வந்துவிட்டார்.

அலுவலக ஆவணத்தில், முதல் தர ரீல் இன்னமும் கடலில் பணியில் இருப்பதாக எழுதப்பட்டிருக்கிறது. பூவாயி முத்திரை வாங்கிய ரீலை, படிவத்தையும் சேர்த்துக் கட்டி, முகத்துவாரத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு வேரில் மாட்டிவைத்தாள். பிறகு தண்ணீரில் குதித்து, வாயால் கவ்வி, குட்டிகளுக்கு வயிறு முட்ட மீன் கொடுத்தாள். மாசிலாமணி தினமும் அந்த வழியாக வந்து, முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தண்ணீர்ப் பக்கம் திரும்பாமல் போய்விடுவார்.

நீதி: முத்திரை வைத்திருப்பவர் மூழ்கினால் தயங்காமல் காப்பாற்றுங்கள். மை காயும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.