ஏனையோர்: ஒருவர்

2003 ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழும்பினேன். கிணற்றடியில் குளித்து, பிளேன்ரீ குடித்து, சைக்கிளைத் துடைத்து, ஏழேகாலுக்குத் தர்மபுரத்தில் எங்கள் சனசமூக நிலையத் திடலில் நின்றேன். புதுவருட விளையாட்டுப் போட்டி, நான் செயலாளர். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தின் மிகுதி முழுவதும் ஒரே மனிதரைப் பற்றிய முறைப்பாடு.

வன்னிப் பெருநிலத்தில் ஒழுங்குக்கு முதல் எதிரி வால்கட்டையர்தான். சைக்கிள் ரியூப்பில் காற்றை மறிக்கும் சின்னத் துண்டுக்கு எங்கள் பக்கம் வால்கட்டை என்று பேர். அவர் சைக்கிள் கடைக்காரர். வயது ஐம்பத்தொன்று, தலை முழு நரை. ஆனாலும் தன்னைப் ‘பெடியன்’ என்றே சொன்னார். அந்த ஆண்டுகளில் ‘பெடியள்’ என்றால் இயக்கத்து ஆட்களையும் குறிக்கும். வால்கட்டையர் சொன்னது வெறும் வாலிபப் பிள்ளைகளை.

“ஐயா, காத்தடிக்க வேணும்” என்று போனால் முன் சில்லுக்கு மட்டும் அடிப்பார். பின் சில்லுக்கு “அண்ணை” என்று கூப்பிட வேண்டும். ஒருமுறை பஸ்ஸில் ஒரு பிள்ளை எழும்பி, “ஐயா, இதில இருங்கோ” என்றதற்கு, இறங்கிக் கண்டாவளைவரை நடந்தே போனார். கலியாண வீட்டில் நாங்கள் மரியாதையாகப் பந்தியில் இருக்க, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு ஓடுவார். “காணும், காணும்” என்று நான் கையால் மறித்தால் கைமேலேயே ஊற்றுவார்.

கயிறிழுத்தலில் ஆண்டுதோறும் மணமானோர் ஒரு பக்கம், பெடியள் மறுபக்கம். கயிற்று நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெடியளின் கடைசியில் இவர் நிற்பார். இந்த அநியாயத்துக்கு அம்முறை முடிவு கட்டினேன். இளைஞர் என்றால் முப்பத்தைந்துக்கு உட்பட்டோர் என்று விதி எழுதினேன். மணமாகாதவரை மணமானோர் பக்கம் போடவும் முடியாது. ஆகவே பதிவேட்டில் அடிமட்டம் வைத்து மூன்றாவது நிரல் கீறி, ‘ஏனையோர்’ என்று தலைப்பிட்டு, கீழே அவர் ஒருவரின் பெயரை எழுதினேன். ஒலிபெருக்கியில் வாசித்தும் விட்டேன்.

அவர் வந்து கயிற்றின் நட்டநடுவில் குந்தினார்.

“செயலாளர், இந்த ஏனையோர் ஆரோட இழுக்கிறது?”

“ஒருத்தரோடயும் இல்லை. நீர் இருந்து பாரும்.”

“பொடி எண்டால் சின்னன். அதில வந்தவன்தான் பொடியன், பெடியன் எல்லாம். அது தெரியுமோ உமக்கு?”

“அப்ப நீர் சின்னனோ? தலையைப் பாரும்!”

“தலையை விடும் காணும். கலியாண வீட்டில ‘டேய், தண்ணி கொண்டா’ எண்டால் எழும்பி ஓடுறவன் ஆர்? அவன்தான் பெடியன். மூண்டு தங்கச்சிமாரின்ர கலியாணத்திலயும் நான்தான் ஓடினனான். கடைசிக்காரிக்கு முடிச்சு வைக்கேக்க எனக்கு நாப்பத்தேழு. பிறகு எனக்காக ஆர் ஓடுறது?”

சனம் சிரித்தது. நான் விசில் ஊதினேன். பெடியள் கயிற்றைக் கீழே போட்டார்கள்.

“அண்ணை இல்லாட்டி நாங்கள் இழுக்கமாட்டம்!”

பெண்கள் பக்கமிருந்து என் மனைவியின் குரல்: “இஞ்சருங்கோ! எங்கட கலியாணத்துக்குப் பந்தல் போட்டதே அந்த மனுசன்தானே!”

சொந்த வீட்டிலிருந்தே துரோகம். ஆட்சேபனையுடன் அனுமதிக்கிறேன் என்று பதிவேட்டில் குறித்துவிட்டு, இரு பக்கமும் ஆட்கணக்குச் சமம் என்ற விதியைக் காப்பாற்ற நானே மணமானோர் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தேன். அவர் குதிக்காலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்தார். மணமான ஒன்பது பேரும் முகங்குப்புற விழுந்தோம். என் வெள்ளைச் சேட் போயிற்று, கண்ணாடி எங்கோ பறந்தது.

“செயலாளருக்குத் தண்ணி கொண்டாங்கோடா!” என்று யாரோ கத்தினார்கள்.

முப்பத்தைந்துக்கு உட்பட்ட எட்டு இளைஞரும் வென்ற சந்தோசத்தில் துள்ளிக்கொண்டு நின்றார்கள். செம்போடு ஓடி வந்தது ஒரேயொரு நரைத்த தலை.

மறுநாள் காலை, குளிப்பதற்கும் முன்னரே நிலையத்தைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன். ‘ஏனையோர்’ நிரலை அடிமட்டம் வைத்து வெட்டினேன். ‘இளைஞர்’ என்ற தலைப்பையும் வெட்டி, மேலே ‘பெடியள்’ என்று எழுதி, முதலாம் இலக்கத்தில் அவர் பெயரைப் போட்டேன்.