போணி ஆகாத போன்

காலை மணி ஒன்பது. போன் அடித்தது. ராஜகீழ்ப்பாக்கம் கிளையில் இருந்த நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடித்து ஓய்ந்தது. பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்கள்.

அந்த இன்டர்நெட் கம்பெனியின் கிளை மேலாளராக ஜெரூஷா சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தற்காலிக நியமனம். தலைமை அலுவலகத்தின் ஷ்யாம்சுந்தர் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். உங்கள் கிளையில் மட்டும் தினமும் ஓர் அழைப்பு எடுக்கப்படாமல் போகிறது. அதை நிறுத்தினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள்.

ஜெரூஷா பேபியைக் கூப்பிட்டாள். கிளை திறந்த நாளிலிருந்து இருப்பவள் பேபி.

"ஏன்க்கா யாரும் எடுக்கல?"

"போணி மேடம்."

"என்ன போணி?"

"மொத கால். கம்ப்ளெயின்ட்ல போணி ஆச்சுன்னா அன்னிக்குப் பூரா கம்ப்ளெயின்ட்தான் வரும்."

"இது கம்ப்ளெயின்ட் ஆபீஸ்க்கா."

"அதான் மேடம் பயமே."

ஜெரூஷா வாதாடவில்லை. உத்தரவு போட்டாள். யார் முதலில் கம்ப்யூட்டரைத் திறக்கிறாரோ அவருக்குத்தான் முதல் அழைப்பு வரும்; அவர் அதை எடுத்தே ஆக வேண்டும்.

மறுநாள் யாரும் முதலில் வரவில்லை. ஒன்பதரைக்கு எட்டிப் பார்த்தாள். எதிர்ச்சாரி டீக்கடையில் நான்கு பேரும் நின்றுகொண்டு, நீ போ, நீ போ என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். எடுக்கப்படாத அழைப்புகளை அன்று அவள் எண்ணவில்லை.

உத்தரவால் ஆகாது, மனம் மாற வேண்டும் என்று முடிவு செய்தாள். ஒரு மதியம் எல்லோரையும் உட்கார வைத்துப் பயிற்சி வகுப்பு எடுத்தாள். வகுப்பு நன்றாகவே நடந்தது. பிரிட்டோ எழுந்து, இதெல்லாம் மூடநம்பிக்கை, காலம் மாறிவிட்டது, நாமும் மாற வேண்டும் என்று பேசினான். கைதட்டினார்கள். 'முதல் அழைப்பே முக்கிய அழைப்பு' என்று ஒரு பலகை எழுதிச் சுவரில் மாட்டினார்கள்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போன் பிரிட்டோவின் மேஜையில் அடித்தது. அவன் போனைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான்.

"இவ்ளோ முக்கியமான கால் மேடம். நான் எடுத்து ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

தானே எடுக்கலாம் என்று ஜெரூஷா எழுந்தாள். பேபி போனின் மேல் கையை வைத்து மறித்தாள்.

"எங்க கை பட்டா எங்களோட போவும். மேனேஜர் கை பட்டா மொத்த பிராஞ்சுக்கும் மேடம்."

போன் ஓய்ந்தது. வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெரூஷாவுக்குத் தோன்றியது.

அன்று இரவு கணவன் ஆஸ்டினிடம் ஓர் உதவி கேட்டாள். கீழ்க்கட்டளையில் அவர்கள் வீட்டிலும் அதே கம்பெனியின் இணைப்புதான். ஒன்பது அடித்ததும் யாரும் முந்தும் முன் போன் செய்து, நெட் நன்றாக இருக்கிறது, நன்றி என்று சொல்ல வேண்டும். ஆஸ்டின் மறுத்துப் பார்த்தான். பிறகு மனைவியின் வேலையை நினைத்து ஒப்புக்கொண்டான்.

முதல் அழைப்பு நல்லபடியாக இருக்கும் என்று ஜெரூஷா உறுதி சொன்னதால் பேபி துணிந்து எடுத்தாள். கேட்டாள். முகம் மலர்ந்தது. போணி ஆகிவிட்டது. அந்த வாரம் முழுவதும் ஓர் அழைப்பும் தவறவில்லை.

ஆனால் கம்ப்யூட்டரில் நன்றியைப் பதிய இடமில்லை. புகார் என்றுதான் பதிய முடியும். புகார் என்று பதிந்தால் ஆள் போயாக வேண்டும். டெக்னீஷியன் சவுரிமுத்து தினமும் கீழ்க்கட்டளைக்குப் போய், ஆஸ்டின் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பழுது எதுவும் இல்லை என்று எழுதி வந்தார். பழுதே இல்லாததால் அதைச் சரிசெய்யவும் முடியவில்லை. வார முடிவில் தலைமை அலுவலகத் திரையில், தென்சென்னையிலேயே தீராத புகார் அதிகம் உள்ள வாடிக்கையாளர் என்று ஆஸ்டினின் பெயர் சிவப்பில் எரிந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குச் சற்று முன் ஷ்யாம்சுந்தர் நேரில் வந்துவிட்டார். கையில் ஜெரூஷாவின் நியமனக் கோப்பு.

"உங்க வீட்டு நெட்டையே உங்களால சரி பண்ண முடியலையாம்மா?"

ஜெரூஷா உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஷ்யாம்சுந்தர் நெடுநேரம் சிரித்தார். படித்தவர்கள் நடத்தும் கம்பெனியில் போணியாவது, கீணியாவது என்றார். கணவர் போன் செய்வதை இன்றே நிறுத்தச் சொன்னார். அவள் ஆஸ்டினுக்குத் தகவல் அனுப்பினாள். இன்று முதல் அழைப்பை நானே எடுத்துக் காட்டுகிறேன் என்று அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு போனருகே உட்கார்ந்தார்.

ஒன்பது மணி. போன் அடித்தது.

நீட்டிய கையை ஷ்யாம்சுந்தர் பாதியில் இழுத்துக்கொண்டார்.

"நீங்களே எடுங்க. எனக்கு இன்னிக்கு இன்னும் மூணு பிராஞ்ச் பார்க்க வேண்டியிருக்கு."

பேபி கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெரூஷா ஸ்பீக்கரைப் போட்டு எடுத்தாள்.

"வணக்கம் சார். சொல்லுங்க."

அந்தப் பக்கம் பேச்சில்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"சொல்லுங்க சார். என்ன கம்ப்ளெயின்ட்?"

"கம்ப்ளெயின்ட்லாம் ஒன்னும் இல்லம்மா. மாடம்பாக்கம் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் துளசிங்கம் பேசுறேன். மொத கால நீங்க எடுக்க மாட்டீங்கன்னு இங்க அல்லாருக்கும் தெரியும். அத்த கழிச்சு வுடத்தான் செகரட்ரி டெய்லி என்னிய அடிக்க சொல்லிக்கீறாரு. நான் அடிச்சு முடிச்சப்புறம்தான் வூட்டுக்காரங்க அவங்கவங்க கம்ப்ளெயின்ட்ட சொல்லுவாங்க."

ஷ்யாம்சுந்தர் கோப்பை மூடினார். துளசிங்கம் நிறுத்தவில்லை.

"போன வாரம் யாரோ எனக்கு முன்னாடி பூந்துட்டாங்க போல. என் கால எடுத்துட்டாங்க. பயந்துகினு வச்சுட்டேன். இன்னிக்கு மொத காலயே எடுத்துட்டீங்க. இனிமே நீங்க எடுக்காதது எத்தினியாவது காலும்மா?"