மாதையன் மாமாவும் பன்னிரண்டடித் திரையும்

கம்ப்யூட்டர் வாத்தியாருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எங்கள் உறவில் எல்லோரும் நம்புகிறார்கள். மிக்சி ஓடவில்லை என்றாலும் எனக்குத்தான் போன் வரும். நானும் இதுவரை தெரியாது என்று சொன்னதில்லை. (கோளாறே அங்கேதான்.) இந்தியா கோப்பையை ஜெயித்த அன்று என் தங்கையின் கல்யாணம் நிற்காமல் தப்பித்ததற்கு நான் காரணமில்லை. நின்றிருந்தால் மட்டும் முழுக் காரணமும் நானாகத்தான் இருந்திருப்பேன்.

தங்கை சுகன்யாவின் வரவேற்பு அதியமான்கோட்டையில் ஒரு மண்டபத்தில். மறுநாள் காலை முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு மொரப்பூர் பக்கம். சாயங்காலம் அவர்கள் வேனை விட்டு இறங்கும்போதே முகங்கள் சரியில்லை. எங்கள் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெரியப்பா மாதையன் பெயர் விட்டுப்போயிருந்தது. புரூஃப் பார்த்தவன் நான்.

மாதையன் மாமா சண்டை போடவில்லை. முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

"பேரே இல்லாத ஆளுக்கு எதுக்குங்க சந்தனம்?"

அதற்குப் பிறகு அவர்கள் சனம் இடது பக்கம், எங்கள் சனம் வலது பக்கம். நடுவில் நடைபாதை காவிரி மாதிரி கிடந்தது.

ஒன்பதரை மணிக்கு வேறொரு பிரச்சினை. இறுதிப் போட்டி முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டதால் ஆம்பளைகள் ஒவ்வொருவராக எழுந்து, வண்டி நிறுத்துமிடத்தில் ஆளுக்கொரு போனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளை பிரபுவே அடிக்கடி வாசலைப் பார்த்தார்.

"எம் பையனப் பாக்க வந்தாங்களா, மேட்ச் பாக்க வந்தாங்களா?" என்று சம்பந்தியம்மா என் அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் புறப்பட்டுவிட்டேன்.

மேடைக்குப் பக்கத்தில் மணமக்களைக் காட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டடி எல்இடி திரை இருந்தது. வீடியோக்காரரிடம் கெஞ்சி வயரை வாங்கி, என் போனில் மாட்டி, மேட்சைத் திரையில் கொண்டுவந்தேன். விசில் பறந்தது. ஐந்து நிமிஷத்தில் மண்டபம் நிறைந்தது. மேடையில் பொண்ணு மாப்பிள்ளைகூட திரும்பி நின்று திரையைப் பார்த்தார்கள். "வாத்தியாருன்னா வாத்தியாருதான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எவரெஸ்ட்டில் கொடி நட்டவன்போல நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

(திரையில் போனை மாட்டும் முன் மெசேஜ் வருவதை நிறுத்திவைக்க வேண்டும் என்று வருஷாவருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்.)

கடைசி ஓவர்கள். பந்து வீச்சாளர் ஓடிவருகிறார். அப்போது திரையின் தலைமாட்டில், ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவில், ஒரு மெசேஜ் வந்து நின்றது. பந்தி மேற்பார்வையில் இருந்த என் மனைவி மகேஸ்வரி அனுப்பியது.

"நீங்க சொன்னது சரிதாங்க. மாதையன் பெரியப்பா இல்ல, பெரிய வயித்தப்பா."

அந்தப் பந்தில் என்ன நடந்தது என்று அந்த மண்டபத்தில் யாருக்கும் இன்றுவரை தெரியாது.

அதைத் தள்ளிவிடத்தான் விரலை வைத்தேன். பதற்றத்தில் தட்டிவிட்டேன். மேட்ச் போய், எங்கள் உரையாடல் முழுசாகத் திரையில் விரிந்தது. நான் எழுதியது பச்சையாக, நடுநாயகமாக: "மூணாவது பந்திக்கும் போறாரு. கோபம் வந்தா இவ்ளோ பசிக்குமா?"

வயரைப் பிடுங்கினேன். திரை கறுத்தது.

உடனே இடது பக்கமும் வலது பக்கமும் சேர்ந்து ஒரு கூச்சல்: "ஏய், மேட்ச போடுப்பா!" அன்று இரண்டு வீட்டாரும் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் என்னைத் திட்ட.

மாதையன் மாமா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். அப்பா கும்பிட்ட கையோடு குறுக்கே ஓடினார். "சம்பந்தி, அறிவில்லாம எழுதிட்டான். மனசுல வெச்சுக்காதீங்க."

"அத நாளைக்குப் பேசிக்கலாங்க. மொதல்ல வயர மாட்டச் சொல்லுங்க. நாலு ரன்னுதான் வேணும்."

மாட்டினேன். அவசரத்தில் வயர் போனின் நாலு பக்கமும் இடித்ததே தவிர ஓட்டைக்குள் போகவில்லை. "குடு இப்பிடி" என்று வாங்கி, போர் மோட்டாருக்கு வயர் கொடுக்கிற நிதானத்தோடு அவரே சொருகினார். மேட்ச் வந்தது. கூடவே திரையின் தலைமாட்டில் மெசேஜாக மகேஸ்வரியும் வந்தாள்.

"ஏங்க, அங்க என்ன சத்தம்? சண்டையா?"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. இடது பக்கத்திலிருந்து ஒரு அம்மா பந்திக்கூடத்தைப் பார்த்துக் கத்தினார்: "சண்ட இல்ல கண்ணு, செயிக்கப் போறோம்! நீயும் வா!"

அடுத்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது.

பிறகு யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை மேடையிலிருந்து குதித்தார். அப்பா மாப்பிள்ளையின் அப்பாவைத் தூக்கிவிட்டு, இறக்க முடியாமல் நின்றார். என் அம்மாவும் சம்பந்தியம்மாவும் கைகோத்துக் குதித்தார்கள். பரிமாறுகிறவர்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். நடைபாதை எங்கே போனதென்று தெரியவில்லை.

என்னை யாரோ பின்னாலிருந்து அணைத்து இறுக்கினார்கள். மூச்சு முட்டியது.

"பெரிய வயிறு எப்பிடி இருக்குது மாப்ள?" என்று காதருகே மாதையன் மாமாவின் குரல்.

அதுவரை அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. இப்போது மாப்ள.

"மன்னிச்சிருங்க மாமா."

"பசிக்கு மூணு தடவ போகல. எங்கூரு சனம் ஒவ்வொரு வேனா வருது. வந்தவங்களத் தனியா உக்கார வெச்சா நல்லாவா இருக்கும்? ரெண்டு வாயி போட்டுட்டு எந்திரிச்சேன், அவ்ளோதான்."

மேட்ச் தோற்றிருந்தால் இதை அவர் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார். நானும் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன். வெட்கமாக இருந்தது. அப்பாவிடமிருந்து சந்தனக் கிண்ணத்தை வாங்கிவந்து நீட்டினேன். விரலால் தொட்டு, முதலில் என் நெற்றியில் இழுத்துவிட்டுப் பிறகு தானும் வைத்துக்கொண்டார்.

மகேஸ்வரி என்னோடு மூன்று நாள் பேசவில்லை. அதை நான் ஓய்வு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது தங்கை வீட்டில் யாராவது யாரையாவது பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால், சுற்றிலும் பார்த்துவிட்டு, "வயரு மாட்டியிருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். பக்கத்து வீடுகளுக்கும் பரவிவிட்டதாகக் கேள்வி.

போன மாதம் சொல்லாமல் அங்கே போனேன். சமையல்கட்டில் சம்பந்தியம்மா தங்கையிடம் தாழ்ந்த குரலில், "ஏஞ்சாமி, வயரு மாட்டியிருக்கா?" என்று கேட்பது கேட்டது.

"இல்லீங்க அத்த, சொல்லுங்க. அண்ணனப் பத்தித்தான?"

நான் செருமினேன். சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். "வாங்க தம்பி, நூறாயுசு!" என்றார். காப்பி உடனே வந்தது. இரண்டு மடங்கு சர்க்கரை போட்டிருந்தார்.