கால் நீட்டிக் கொழும்பு போனவர்

காக்களூர்,
செப்டம்பர் 2004

பெருமதிப்பிற்குரிய ராஜமாணிக்கம் மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, ஆசீர்வாதம் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கை ரோசம்மாளும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். பிலாயில் தாங்களும் விக்டோரியா அக்காவும், முக்கியமாகப் புதிதாகப் பிறந்திருக்கும் பேரனும், சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் ரோசம்மாள் பக்கத்தில் வந்து நின்று பாதியில் பிடுங்கிக்கொள்வாள். அதனால் ஃபாக்டரி ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடுத்த மாதம் திருநின்றவூர் கோயிலில் பேரனுக்கு ஞானஸ்நானம். அதில் ஞானத்தகப்பனாக நான்தான் நிற்க வேண்டும் என்று, பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஈஸ்டர் விருந்தில் எல்லார் முன்னாலும் தாங்களே சொன்னீர்கள். எனக்கும் ரோசம்மாளுக்கும் பிள்ளையில்லை என்பதால் அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பெரிது என்று தங்களுக்குத் தெரியும். இப்போது அந்த இடத்தில் என் சகலை அந்தோணியை நிறுத்தலாமா என்று யோசிக்கிறீர்கள் என்று காதில் விழுந்தது. ஏன் யோசிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் அந்தக் கொழும்புப் பயணம் செய்த வேலை.

அந்தோணி கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு மெஷின் பார்க்க ஜெர்மனிக்கும் கொரியாவுக்கும் போய்வருகிறவர். டிக்கெட் கம்பெனி செலவு. ஆனால் பறந்த தூரத்தையெல்லாம் விமானக்காரன் மைல் மைலாக இவர் பேரில் சேர்த்து வைக்கிறானாம், சேர்ந்தால் ஓசி டிக்கெட் தருகிறானாம். நானும்தான் கல்யாணமான நாளிலிருந்து லோக்கல் டிரெயினில் தொங்குகிறேன், ஒரு ஸ்டேஷன் தூரத்தையாவது எவனாவது என் பேரில் எழுதி வைத்தானா? சரி, ஓசியில் கிடைத்ததை அடக்கமாகச் செலவு செய்தாரா என்றால் அதுவும் இல்லை. பெண்டாட்டி, அதாவது தங்கள் சின்னத் தங்கை கிறிஸ்டினாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பு அந்தோணியார் கோயிலுக்குப் பிசினஸ் கிளாஸில் போயிருக்கிறார். ஃபாக்டரி சரக்கோடு போகும்போது எளாவூர் செக்போஸ்டில் லாரிகளுக்கு நடுவே நான் மாட்டிக்கொண்டு நிற்கிற நேரத்துக்குள் வந்துவிடுகிற ஊர் அது. அதற்குக் கால் நீட்டுகிற சீட்டு எதற்கு, சுடுதண்ணியில் நனைத்த துண்டு எதற்கு? காலை நீட்டி முடிப்பதற்குள் இறங்கச் சொல்லியிருப்பான்.

போனோம் வந்தோம் என்று இருந்தார்களா? விமானத்திலிருந்து கொண்டுவந்த தக்கனூண்டு உப்பு டப்பியைக் கிறிஸ்டினா சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடப் போனோம், மட்டன் குழம்பில் உப்பு சரியாகவே இருந்தது. இருந்தாலும் "உப்பு போதுமா மாமா?" என்று அதை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். எனக்கு வயிறு எரிகிறது மச்சான், தங்களிடம் மறைப்பானேன். வீட்டுக்கு வந்ததும் ரோசம்மாள் சேலையைக்கூட மாற்றவில்லை. "அவ காலை நீட்டிக்கினு கொழும்புக்கே போய்ட்டு வந்துட்டா. நானு இன்னும் ஷேர் ஆட்டோல ஒரு காலை வெளிய தொங்க வுட்டுக்கினு மார்க்கெட்டுக்குப் போறேன்" என்றாள். அன்றைக்கு என் வீட்டில் அடுப்பு எரியவில்லை, நான் மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தேன்.

அதனால் நானும் மைல் சேர்க்கத் துணிந்தேன். பிரவுசிங் சென்டரில் என் பேரைப் பதிந்து ஒரு மெம்பர் நம்பர் வாங்கினேன். பறக்கத்தான் வழியில்லை. எங்கள் தெருவில் குடியிருக்கும் பழவேற்காட்டு கிஃபாயத்துல்லா பாய் இறால் வியாபாரமாக அடிக்கடி துபாய் போகிறவர். யாராவது வெளிநாடு போனால் கருவாடு, ஊறுகாய் என்று கொடுத்தனுப்புவது நம் பக்கம் வழக்கம்தானே. நான் கருவாட்டுப் பொட்டலத்தோடு என் நம்பரையும் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினேன், தூரத்தை என் பேரில் போடச் சொல்லி. பாயும் தங்கமானவர், அப்படியே ஏர்போர்ட் கவுண்டர்ப் பெண்ணிடம் நீட்டியிருக்கிறார். டிக்கெட்டில் உள்ள பேர் வேறு, நம்பரில் உள்ள பேர் வேறு என்று அந்தப் பெண் சொல்ல, அவர் என் கூடப் பிறந்தவர் மாதிரி என்று பாய் சொல்ல, பாஸ்போர்ட்டில் அப்படி இருக்கிறதா என்று அவள் கேட்க, பாய் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நின்றிருக்கிறார். மேலதிகாரி வந்து, பின்னால் வரிசை கத்தி, கடைசியில் பாய் ஓடிப்போய் ஏறினாராம். திரும்பி வந்தவர் நேரே என் வீட்டுக்கு வந்து, "ஆசீர்வாதம், கருவாடு குடு, எடுத்துக்கினு போறேன். இன்னொரு தபா நம்பரு குடுக்காத, பேஜாராப் போச்சு" என்றார். ரோசம்மாள் உள்ளேயிருந்து கேட்டுவிட்டாள். அவள் சிரித்தது போதாதென்று கிறிஸ்டினாவிடமும் சொல்லிவிட்டாள்.

இவ்வளவு அவமானத்துக்குப் பிறகு எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஞானத்தகப்பன் இடம் ஒன்றுதான். மேலே பறக்கிறவரைப் பார்த்துப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? ஆடம்பரம்தான். பீடத்தின் முன் பேரனை நான் ஏந்தி நிற்க வேண்டும், அந்தோணி பின்வரிசையிலிருந்து பார்க்க வேண்டும். இதைத் தவிர தங்களிடம் எதையும் கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டேன்.

விக்டோரியா அக்காவுக்கு என் தோத்திரமும், பேரனின் இரண்டு கன்னத்திலும் என் முத்தமும் சேர்க்கவும். தங்கள் குடும்பத்தின் மேல் மாதாவின் நிழல் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லையே நம்பியிருக்கும்
ஆசீர்வாதம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அந்தோணி ஃபாக்டரி வாசலுக்கே வந்துவிட்டார். அவர் கணக்கில் இன்னும் மைல் மிச்சமிருக்கிறதாம், வருஷக் கடைசியில் வீணாகிவிடுமாம். அதை வைத்து என் பேரிலும் ரோசம்மாள் பேரிலும் கொழும்புக்கு இரண்டு பிசினஸ் கிளாஸ் சீட் போட்டுவிட்டார். மனுஷன் என்றால் அவர்தான் மனுஷன். ஓசி சீட் என்பதால் கேட்ட தேதியில் கிடைக்காதாம், ஞானஸ்நானம் வைத்திருக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்ததாம். ஆகவே ஞானத்தகப்பனாக அந்தோணியையே நிறுத்தவும், அவரைவிடப் பொருத்தமான ஆள் நம் குடும்பத்தில் இல்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஒரு தடவைதான் என்று ரோசம்மாள் சொல்லிப் பார்த்தாள். எனக்கு பிசினஸ் கிளாஸும் ஒரு தடவைதானே, மச்சான்.