காற்றுப் புகாத பெட்டி

சகலை நம்மைவிட அதிகம் சம்பாதித்தால் தாங்கிக்கொள்ளலாம். சொந்தக் கையால் ஒரு பொருளைச் செய்து, அது நன்றாகவும் இருந்துவிட்டால் தாங்க முடியாது.

என் மனைவியின் தங்கை கணவன் பிரபு, காட்பாடிக்காரன், பலகை அறுத்து வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்தான். போட்டுக் காட்டியபோது என் மனைவி, "இன்னாமா கேக்குது பாருங்க!" என்றாள். (அந்தக் குரலில் அவள் என்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.) எனக்கு வயிறு எரிந்தது.

"காத்து லீக் ஆவக் கூடாது அண்ணே. உள்ள பஞ்சு வெச்சா அதிர்வு அடங்கிடும்" என்று பிரபு நான் கேட்காமலேயே சொல்லிக்கொடுத்தான்.

பஞ்சா? நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மைத்துனன் நிச்சயதார்த்தத்தில் என் பெட்டிதான் பாட வேண்டும் என்று முடிவு செய்தேன். தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்யும் தோஸ்த் கொடுத்த தோல் துண்டுகளை உள்ளே முழுக்க ஒட்டினேன். கொஞ்சம் ஈரம் இருந்தது. வாடை? ஆம்பூரில் பிறந்த மூக்குக்கு அதெல்லாம் வாடையே இல்லை. ஷூவுக்கு சோல் ஒட்டும் பேஸ்ட்டைப் பூசி மூடியை இறுக்கினேன். அடிச் சத்தம், அதான் பேஸ், வருவதற்கு முன்பக்கம் ஓர் ஓட்டை மட்டும் விட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று, கலவை ஊரில் மாமனார் வீட்டுக் கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பிரபுவின் பெட்டியை மூலைக்குத் தள்ளிவிட்டு என்னுடையதை நடுவில் வைத்துப் பாட்டைப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், சத்தம் பிரமாதம். ஆனால் ஒவ்வொரு டிரம் அடிக்கும் அந்த ஓட்டை வழியாகப் புஸ் புஸ்ஸென்று காற்று வந்தது.

மாமியார் பீரோவுக்குப் பின்னால் செத்த எலியைத் தேடினார். பெண் வீட்டார் ஒவ்வொருவராகப் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடினார்கள். சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று நான் வால்யூமை ஏற்றினேன்.

மாமனார் பெட்டியருகே குனிந்து மோந்து பார்த்தார். "மாப்ள, உள்ள இன்னா வெச்சிருக்கீங்க?"

"தோலு மாமா."

"எடுத்துடுங்க."

"வராது மாமா. நல்லா ஒட்டியிருக்கேன்."

நானும் பிரபுவும் அதைத் தூக்கிப்போய் மாட்டுக் கொட்டகையில் வைத்தோம். மாடு எழுந்து தள்ளி நின்றது. பிரபு சிரிக்கவில்லை. "சவுண்டு சூப்பர் அண்ணே" என்றான். சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். அப்புறம் சாயங்காலம் வரை அவன் பெட்டிதான் பாடியது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எங்கே வாடை அடித்தாலும், யாராவது என் பக்கம் திரும்பி, "வால்யூமக் கம்மி பண்ணுங்க" என்பார்கள். போன வாரம் சாக்கடை ஓரம் நடந்தபோது பிரபுவின் சின்ன மகளே சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் மட்டும், "பெரியப்பாவ அப்டிலாம் சொல்லக் கூடாது" என்று அவளை அதட்டினான்.

எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.