இருபது ஜிபி நிரம்பிவிட்டது

லப்டொப் நான்காவது தடவையும் இடமில்லை என்றது. சின்னத்தங்கம் அதை மூடிவைத்துவிட்டுக் குசினிக்குச் சமைக்கப் போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை.

"எல்லாம் உன்ர நாடகங்கள்தான். பழசுகள அழிச்சு விடுறன்" என்று தங்கராசா கையை நீட்டினார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

அவருக்குப் பயம் பிடித்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன் மகன் பிரதீபன் கொழும்புக்குப் போகும் வழியில் பஸ் விபத்தில் போய்விட்டான். அவன் விட்டுப்போன கமராவும் இந்த லப்டொப்பும்தான் அவளை நடமாட வைத்தன. பிள்ளையின் பெயரை எடுக்கக் கூடாது, படம் மாட்டக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவர் தங்கராசா. அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் அவர் கோயிலுக்குப் போக, அவள் அறையைப் பூட்டிக்கொண்டு லப்டொப்பில் நாடகம் பார்ப்பாள். முருகனைவிட நாடகம் பெரிதா என்று கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துவிட்டது.

புதிது வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாமாம். ஆகவே இதற்கே பெரிய ஹார்ட் டிஸ்க் தேடி ஆரையம்பதியிலிருந்து புறப்பட்டார்.

மட்டக்களப்பு டவுனில் வாங்கியது ஐநூறு ஜிபி. நல்ல சாமான், ஆனால் பொருந்தவில்லை. பழையதற்கு ஊசி ஊசியாக நாற்பதுக்கு மேல் கால். புதியதற்குத் தட்டை வாய். களுவாஞ்சிக்குடியில் ஊசி வைத்த ஒன்று கிடைத்தது. அதைத் தலைகீழாக வைத்து அமுக்கியதில் இரண்டு ஊசிகள் வளைந்தன. திரும்பப் பூட்டியபோது மூன்று திருகாணிகள் மிஞ்சின, பழைய டிஸ்கும் வேலை செய்ய மறுத்தது. சின்னத்தங்கம் அந்தத் திருகாணிகளைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடைசியில் காத்தான்குடிப் பழைய சாமான் கடைக்காரர் ஜிப்ரி ஒரு நூற்றிருபது ஜிபியைக் கிளறி எடுத்தார், ஊசிகள் நேராக. பழையதில் உள்ளதை மாற்றித் தருவது அவர் மகள் நிஸ்றாவின் வேலை. அவள் பழைய டிஸ்கைத் தன் கணினியில் கொழுவ, அது உயிர் பெற்றது.

"ஒரு நாடகமும் குறையாம மாத்திக் குடு மகள்" என்றார் தங்கராசா. "அவ சரியாச் சாப்பிட்டு ஒரு கிழமை, ஏழு நாள்."

நிஸ்றா கோப்புகளின் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். ஒரு கோப்பைத் திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"இதில நாடகம் ஒண்டுமில்ல அங்கிள். ஒரே வீடியோதான் தொளாயிரம் தரம் கிடக்கு. ஏத்தினத எங்க திறக்கிறதெண்டு தெரியாம, அன்ட்டி பாக்கிற நேரமெல்லாம் கமராவில இருந்து புதுசா ஏத்தியிருக்காங்க. ஒரு இளம் வயசு நானா பஸ்ஸில ஏறி, 'அம்மா, போயிட்டு வாறன்' எண்டு கை காட்டுறார்."